வெள்ளிக்கிழமை எடுத்த சாம்பிள்

என் தம்பிக்குச் சர்க்கரை வியாதி வந்துவிட்டது என்று நினைத்து லேபில் உட்கார்ந்து அழுதவள் நான். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். மற்றதையெல்லாம் ஒரு நாள் மறந்தாலும் மறப்பேன், அந்த அழுகையை என் வீட்டாருக்காக வீணடித்ததை மறக்கவே மாட்டேன்.

என் பெயர் சுகிர்தா. காரைக்காலில் டாக்டர் நீலாயதாட்சி நடத்தும் லேபில் டெக்னீஷியன். ரத்தம், சளி, மூத்திரம் எதுவானாலும் என் கையைத் தாண்டித்தான் ரிப்போர்ட் ஆகும். எங்கள் வீட்டில் இதை ஒரு வேலையாக யாரும் மதித்ததில்லை. "எம் பொண்ணு மூத்திரம் புடிக்கிற வேலை பாக்குறா" என்று பத்திரிகை வைக்க வருகிறவர்களிடம்கூட அப்பா சிரித்துக்கொண்டே சொல்வார். நானும் சேர்ந்து சிரித்துத் தொலைப்பேன்.

இருந்தாலும் ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் என் கதைகள்தான் எங்கள் வீட்டுக்கு டி.வி. கப்பல் கம்பெனி ஒன்று எங்கள் லேபில் போதைப் பரிசோதனைக்குச் சாம்பிள் எடுக்கச் சொன்னதிலிருந்து கதைக்குப் பஞ்சமே இல்லை. போதைப் பரிசோதனைக்கு முதலில் ஒரு அட்டை உண்டு. அதில் சொட்டு விட்டு இரண்டு கோடு வந்தால் ஆள் சுத்தம், ஒரு கோடு மட்டும் வந்தால் மாட்டினான். கர்ப்பம் பார்க்கும் அட்டைக்கு இது நேர் எதிர். போலகத்துப் பையன் ஒருவன் இரண்டு கோட்டைப் பார்த்ததும், "அய்யோ, எம் பொண்டாட்டிக்கு இப்புடித்தாங்க வந்துச்சு, எனக்கு உறுதியாயிருச்சா?" என்று சுவரில் சாய்ந்துவிட்டான். அதை நான் நடித்துக் காட்டியபோது அம்மாவுக்குப் புரையேறியது. தம்பி ஜெயபிரகாஷ் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சிரித்தான்.

எல்லாப் போதையும் அந்த அட்டையில் விழுந்துவிடாது என்பதையும் நான்தான் சொன்னேன். கஞ்சா விழும். மாத்திரைகள் சில விழும். ஆனால் இல்லாததையெல்லாம் கண்ணுக்குக் காட்டும் சரக்கு இருக்கிறதே, பையன்கள் ஸ்டாம்ப் என்று சொல்லி நாக்கில் ஒட்டிக்கொள்வது, அது உடம்புக்குள் போகிற அளவே ஒரு தூசி. அதை எங்கள் அட்டை கண்டுகொள்ளாது. சென்னையில் பெரிய லேபில் ஒரு மெஷின் இருக்கிறது. மூத்திரத்தில் உள்ளதையெல்லாம் பிரித்துப் பிரித்து, ஒவ்வொன்றின் எடையையும் பார்த்து இன்னது என்று சொல்லிவிடும். அந்த மெஷினுக்கு அனுப்பும் சாம்பிளை வெளிச்சம் படாமல் வைக்க வேண்டும், பட்டால் சரக்கு சிதைந்துபோகும். அதனால் பழுப்புப் பாட்டில், அதன் மேல் அலுமினியத் தாள். ஒரே சாம்பிளை இரண்டு பாட்டிலில் ஊற்றி, சீல் ஒட்டி, கொடுத்தவனும் எடுத்தவளும் கையெழுத்துப் போட வேண்டும்.

இவ்வளவும் சொன்னேன். எத்தனை நாள் அது உடம்பில் தங்கும் என்பதை மட்டும் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை.

ஜெயபிரகாஷுக்கு அதே கம்பெனியில் வேலை கிடைத்தது மாங்கனித் திருவிழா முடிந்த வாரத்தில். குரும்பகரத்தில் எங்களுக்கு இருக்கும் நிலத்தில் இறங்க மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்துக் கப்பல் படிப்புப் படித்தவன். வீட்டில் சாமி வந்ததுபோல ஆனது. மெடிக்கல் மட்டும் பாக்கி. அந்தக் கம்பெனிக்குக் காரைக்காலில் எங்கள் லேபை விட்டால் வேறு இடம் கிடையாது.

டாக்டரிடம் சொன்னேன். "உன் தம்பியா?" என்று யோசித்தார். "அப்ப காதர் உள்ள நின்னு பாத்துக்கட்டும். நீ சீல் மட்டும் வை. வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு வரச் சொல்லு."

காதர் பாட்சா எங்கள் லேபின் உதவியாளர். ஆண்கள் சாம்பிள் கொடுக்கும்போது டாய்லெட்டில் கூட நின்று பார்க்கிற சங்கடமான வேலை அவருடையது. யாரையும் கூச வைக்காமல் ஊர்க்கதை பேசியபடியே கண்ணை எடுக்காமல் பார்ப்பார்.

வியாழக்கிழமை ராத்திரி அம்மா எனக்குத் தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். "ஏன்டி, நாளைக்கு உங்க காதர் பாய் தொழுவப் போவாருல்ல?" என்று கேட்டாள். "அப்ப லேப்ப யாரு பாத்துப்பா?"

"நாந்தான். திரும்பி வர்ற வரைக்கும் எல்லாமே நாந்தாம்மா."

"எத்தன மணிக்குப் போவாரு?"

"பன்னெண்டரைக்கு."

"ஒத்தையிலயா அம்புட்டையும் பாத்துக்கற?" என்று சொல்லி இன்னொரு தோசையைத் தட்டில் போட்டாள். இத்தனை வருஷத்தில் அம்மா என் வேலையைப் பற்றித் தானாகக் கேட்டது அன்றைக்குத்தான். சந்தோஷத்தில் அந்தத் தோசையையும் சாப்பிட்டேன்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குத் தம்பி வரவில்லை. காதர் பாய் வாசலையும் கடிகாரத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டரைக்குத் தொப்பியைச் சரி செய்துகொண்டு, "வந்தா உக்கார வைம்மா, ஒரு எட்டு போயிட்டு வந்துடறேன்" என்று கிளம்பினார். அவர் தெருமுனை திரும்பியிருப்பார், அப்பாவும் தம்பியும் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள்.

"ஏம்ப்பா இவ்ளோ லேட்டு?"

"ராகு காலம் முடியட்டும்னு நின்னோம்மா. புள்ளையோட வாழ்க்கை இது. பத்தரை பன்னெண்டுல போயா ஆரம்பிப்பாங்க?"

எனக்கு அது சுத்தமாகப் புரிந்தது. ராகு காலத்தில் புதுத் துடைப்பம்கூட வாங்காத மனிதர் என் அப்பா தெட்சிணாமூர்த்தி. பதினோரு மணிக்கு ஒப்புக்கொண்டது என் தப்பு என்றுதான் நினைத்தேன்.

டாய்லெட்டை முன்பே தயார் செய்து வைத்திருந்தேன். உள்ளே குழாயை அடைத்தாயிற்று. பீங்கானில் கிடக்கும் தண்ணீரில் நீலச் சாயம் போட்டாயிற்று. சாம்பிளில் தண்ணீர் கலக்காமல் இருக்க இந்த ஏற்பாடு. தம்பி கப்பை வாங்குவதற்குள் அப்பா எழுந்துவிட்டார்.

"நான் ஒரு நடை போயிட்டு வந்துடறேம்மா. இந்தப் புது மாத்திரை போட்டதுலேர்ந்து அடக்கவே முடியல."

"போங்கப்பா."

உள்ளேயிருந்து குரல் வந்தது. "ஏம்மா, தண்ணி நீலமா கெடக்கு?"

நான் சிரித்தேன். தம்பியும் சிரித்தான். எங்கள் இரண்டு பேர் சிரிப்பும் ஒன்று என்றுதான் அப்போது எண்ணினேன்.

இன்னொருவர் போய்விட்டு வந்தால் டாய்லெட்டை மறுபடி ஒரு முறை பார்க்க வேண்டும் என்பது விதி. அப்பா போய்விட்டு வந்த இடத்தை எந்தப் பெண்ணாவது சோதனை போடுவாளா? நான் போடவில்லை.

"காதர் பாய் வரட்டும்டா" என்றேன் தம்பியிடம்.

"அக்கா, காலையிலேர்ந்து அடக்கி வச்சிருக்கேன். இனிமே தாங்காதுக்கா."

"புள்ள மூஞ்சியப் பாரும்மா, கருத்துப் போச்சு. நீதான் இருக்கியே" என்றார் அப்பா.

விட்டேன். கதவுக்கு வெளியே நின்றேன். கொஞ்ச நேரத்தில் கப்போடு வந்தான். கப்பின் பக்கத்தில் ஒட்டியிருந்த சூடு காட்டும் பட்டை சரியாக இருந்தது. பழுப்புப் பாட்டில் இரண்டிலும் ஊற்றினேன், சீல் வைத்தேன், அவன் கையெழுத்துப் போட்டான், நான் போட்டேன். பாட்டில்கள் ஃபிரிட்ஜுக்குப் போயின, சனிக்கிழமை காலையில் கூரியர் வந்து எடுக்கும். கையில் ரத்தமும் எடுத்தேன். "வலிக்குதாடா?" என்று கேட்டேன். அதையும் சொல்லத்தானே வேண்டும்.

அவர்கள் போன பிறகு கப்பில் மிச்சமிருந்ததை வைத்து அட்டை போட்டேன். எல்லாக் கட்டத்திலும் இரண்டு இரண்டு கோடு. மெடிக்கலில் சாதாரண மூத்திரப் பரிசோதனையும் உண்டு, அதற்கு நிறக் கட்டங்கள் ஒட்டிய குச்சியை முக்கி எடுத்தேன். சர்க்கரைக் கட்டம் கண்ணெதிரே நிறம் மாறி அடர்ந்த பழுப்பாகிவிட்டது. வேறு குச்சி எடுத்து முக்கினேன். அதுவும் பழுப்பு.

இருபத்து மூன்று வயதுப் பையன். நாள் தவறாமல் கடற்கரையில் பந்து விளையாடுகிறவன். இவ்வளவு சர்க்கரை மூத்திரத்தில் கொட்டுகிறது என்றால் ரத்தத்தில் எவ்வளவு இருக்கும்? நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். வேலை போனால் போகிறது, பிள்ளை காலம் முழுக்க ஊசி போட்டுக்கொள்ள வேண்டுமே என்று அழுதேன். தொழுகை முடிந்து வந்த காதர் பாய் பதறிப் போனார்.

"அல்லா, என்னம்மா ஆச்சு?"

சொன்னேன். "அழுவாதம்மா, இந்தக் காலத்துல மருந்து இல்லாத வியாதியா?" என்று டீ வாங்கி வந்து கொடுத்தார். தான் இல்லாதபோது சாம்பிள் எடுத்ததற்காக என்னை ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை.

டீ ஆறுவதற்குள் ரத்தத்தின் ரிசல்ட் வந்தது. சர்க்கரை எண்பத்தெட்டு. கடந்த மாதங்களின் சராசரியைச் சொல்லும் பரிசோதனையும் சுத்தம். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டேன். வேண்டுதல் பாதியில் இருக்கும்போதே மூளை வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது, அதுதான் என் தொல்லை.

ரத்தத்தில் இல்லாத சர்க்கரை மூத்திரத்தில் எங்கிருந்து வரும்? கிட்னியில் பிறவிக் கோளாறு உள்ள சில பேருக்கு வரலாம். போன வருஷம் கல்லூரிக்கு இவனுக்கு நானே மூத்திரம் பார்த்தேன், அப்போது வரவில்லை. இன்னொரு வழி இருக்கிறது. சர்க்கரை வியாதிக்கு இப்போது ஒரு மாத்திரை கொடுக்கிறார்கள். ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை மூத்திரம் வழியாக வெளியே தள்ளுவதே அதன் வேலை. "இதைப் போட்டா மூத்திரத்துல சர்க்கரை நிறைய போகும், ரிப்போர்ட்டப் பாத்துப் பயந்துடாதீங்க" என்று ஒரு டாக்டர் சொன்னதை நான் என் காதால் கேட்டிருக்கிறேன். சித்திரையில், அப்பாவைக் கூட்டிப்போன அன்றைக்கு. மாதாமாதம் அந்த மாத்திரையை வாங்கி வருகிறவளே நான்தான்.

டாய்லெட்டுக்குப் போனேன். வாளிக்குப் பின்னால் மூடி இல்லாத சின்ன பிளாஸ்டிக் பாட்டில் ஒன்று கிடந்தது, அடியில் மஞ்சளாகக் கொஞ்சம் மிச்சம். அதை எடுக்கவில்லை. எடுத்தால் நிஜமாகிவிடும் என்று பைத்தியக்காரத்தனமாகத் தோன்றியது. கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

சாயங்காலம் தலத்தெருவில் எங்கள் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தும்போது உள்ளே கேசரி வாசனை. மூன்று பேரும் கூடத்தில் இருந்தார்கள்.

"பிரகாஷு, உனக்கு மூத்திரத்துல சர்க்கரை மூணு பிளஸ்" என்றேன்.

ஒருவராவது பதறியிருக்க வேண்டும். அம்மாவாவது "அய்யோ எம் புள்ள" என்று நெஞ்சில் கை வைத்திருக்க வேண்டும். மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு அதுவே போதும்.

"ஏம்ப்பா இப்புடிப் பண்ணுனீங்க?"

அப்பா டி.வி.யை அணைத்தார். "கத்தாதம்மா. பக்கத்து வீட்ல கேக்கும்."

தம்பிதான் சொன்னான். தை மாதம் கூடப் படித்த பையன்களோடு ஏதோ பண்ணை வீட்டுக்குப் போனானாம். எல்லாரும் நாக்கில் ஸ்டாம்ப் வைத்தார்களாம், இவனும் வைத்தானாம். ஒரே ஒரு தடவைதானாம். ஆறு மாதம் ஆனாலும் உடம்பை விட்டுப் போகாது, மெஷினில் போட்டால் மாட்டிக்கொள்வாய் என்று கூட்டாளி ஒருவன் சொல்லியிருக்கிறான். அழுதுகொண்டே அம்மாவிடம் சொன்னானாம், அம்மா அப்பாவிடம் சொன்னாளாம்.

"மூணு நாளு" என்றேன். "அது மூத்திரத்துல மூணு நாளு நிக்கும். மிஞ்சிப்போனா ஒரு வாரம். தை மாசம் தின்னதுக்கு ஆனி மாசத்துல ஒரு மண்ணும் இருக்காதுடா. உன்னோடதையே குடுத்திருந்தா நீ பாஸு."

அடுப்பில் கேசரி அடி பிடிக்கும் வாசனை வந்தது, யாரும் எழவில்லை.

"இத நீ முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?" என்றார் அப்பா.

என் வாழ்க்கையில் யாரையும் அடிக்கக் கை ஓங்கியதில்லை. அந்த நிமிஷம் ஓங்கியிருப்பேன். "எங்கிட்ட கேட்டீங்களா? இந்த வீட்ல இது தெரிஞ்ச ஒரே ஆளு நான். எங்கிட்ட மட்டும் கேக்கல."

"உங்கிட்ட சொன்னா நீ ரூல் பேசுவ" என்றாள் அம்மா. "போட்டுக் குடுத்துடுவியோன்னு பயம்."

போட்டுக் கொடுத்துவிடுவேனாம். அவனுக்குக் கப்பல் படிப்புக்கு இடம் கிடைக்க அலைந்தவள் நான். அவனுக்கு அம்மை போட்டபோது வேப்பிலையோடு பக்கத்தில் கிடந்தவள் நான். என்னை இந்த வீட்டில் போலீஸ்காரி என்று நினைத்திருக்கிறார்கள்.

அப்பா எழுந்து பக்கத்தில் வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சரி, நடந்தது நடந்துருச்சு. பாட்டில் இன்னும் லேப்லதான இருக்கு? சாவி உங்கிட்டதான இருக்கு? அவன இப்பவே கூட்டிப் போ. அவனோடதையே புடிச்சு வேற சீல் வச்சுடு. நீதான் சொல்றியே, அவன் சுத்தம்னு. அப்பறம் என்ன பொய்யி இருக்கு இதுல?"

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு ஆசை வந்தது. பொய்யான மூத்திரத்தை எடுத்துவிட்டு நிஜமான மூத்திரத்தை வைத்தால் யாருக்கு நஷ்டம்? மெஷின் சுத்தம் என்று சொல்லும், அது உண்மையாகவும் இருக்கும். சீல் ஒட்டும் நாடா என் மேஜை டிராயரில்தான் கிடக்கிறது. தம்பி என் காலடியில் உட்கார்ந்துகொண்டு, "அக்கா, அக்கா" என்று மட்டும் சொன்னான். சின்ன வயதில் பல் வலிக்கும்போது அப்படித்தான் கூப்பிடுவான். கைப்பையிலிருந்து சாவியை எடுத்தேன். எடுத்துக் கையிலும் வைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியாது. "ராகு காலம்னு சொன்னீங்க, சரி. அது பன்னெண்டுக்கே முடிஞ்சுருச்சே. காதர் பாய் போற நேரம் பாத்து வந்து எறங்குனீங்களே, அது எப்புடித் தெரியும்?"

தம்பி அம்மாவைப் பார்த்தான். அம்மா அடுப்பை அணைக்கப் போவதுபோல எழுந்து உள்ளே போய்விட்டாள்.

தோசை ஞாபகம் வந்தது. இன்னொன்று போட்டாளே, அது.

சாவியைப் பைக்குள் போட்டேன். "நான் வரல" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டேன். கதவுக்கு வெளியே அப்பா கெஞ்சினார், பிறகு திட்டினார். "நீதான கையெழுத்துப் போட்டிருக்க? உன் வேலையுந்தான் போவும், பாத்துக்க" என்றார். அதையும் யோசித்து வைத்துத்தான் என்னைக் கையெழுத்துப் போட விட்டிருக்கிறார்கள் என்பது அப்போது புரிந்தது.

மறுநாள் கூரியர் வருமுன்பே டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். காதர் பாய் இல்லாமல் எடுத்தது, வாளிக்குப் பின்னால் கிடந்த பாட்டில், மாத்திரை, எதையும் விடவில்லை.

"சாம்பிள மாத்திக் குடுத்தா, குடுக்கவே மறுத்ததா அர்த்தம். போதையில மாட்டுறத விட மோசம். தெரியும்ல?"

"தெரியும் டாக்டர்."

"இனிமே போதை டெஸ்ட்டுக்கு நீ சீல் வைக்க வேணாம். வேலைய விட்டுப் போகச் சொல்லல. ஆனா அந்தப் பக்கம் வேணாம்."

கம்பெனி ஜெயபிரகாஷை எடுக்கவில்லை. இப்போது அவன் குரும்பகரத்து நிலத்தில் நாற்றங்காலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறான், என்னோடு பேசுவதில்லை. அம்மா தட்டில் சோற்றை வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறாள். நானும் கதை சொல்வதில்லை. சாப்பாட்டு நேரத்தில் டி.வி. ஓடுகிறது.

போன வாரம் அப்பா லேபுக்கு வந்தார். அந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு மூத்திரத்தில் கிருமி சேரும், அதனால் அடிக்கடி பரிசோதிக்க வேண்டும் என்று அவருடைய டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். வேறு லேபுக்குப் போயிருக்கலாம். ஏன் இங்கே வந்தார் என்று தெரியவில்லை. சமாதானம் பேசத்தானோ என்னவோ. சட்டையெல்லாம் தேய்த்துப் போட்டிருந்தார்.

"சாப்ட்டியாம்மா?" என்றார்.

நான் கப்பை நீட்டினேன். வாங்கிக்கொண்டு டாய்லெட்டைப் பார்த்து நடந்தார்.

"பாய்" என்று கூப்பிட்டேன். "கொஞ்சம் கூடப் போய் உள்ள நில்லுங்க."

காதர் பாய் நின்றார். போதைப் பரிசோதனை இல்லையே என்று அவருக்குக் குழப்பம். "நம்ம அப்பாதானம்மா?"

"ஆமா பாய். எங்க அப்பாதான்."

இதைச் சொல்லும்போது எனக்கு நிம்மதியாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். நிம்மதி வரவில்லை. அப்பா கப்போடு என்னைத் திரும்பிப் பார்த்தார். காதர் பாய்க்கு வழிவிட்டு ஒதுங்கினார். பிறகு இருவரும் உள்ளே போனார்கள், கதவை அப்பா சாத்தவில்லை.